முட்டையை ஹைகோர்ட் எண்ணாது: ரிட் மனு பற்றி வாசகர் கேள்விகள்

அரசு அலுவலகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் போடும் ஆணைகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனு பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

நாமக்கல் வாசகர்: என் தங்கை சத்துணவு அமைப்பாளர். ஆய்வுக்கு வந்த அதிகாரி இருப்பில் 38 முட்டை குறைகிறது என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாவது வாரமே பணிநீக்க ஆணை வந்துவிட்டது. அன்று அடுப்பில் வெந்துகொண்டிருந்த முட்டைகளை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஹைகோர்ட்டில் இதைச் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்குமா?

முட்டையை ஹைகோர்ட் எண்ணாது. ரிட் மனு என்றாலே பலரும் தடுமாறும் இடம் இதுதான். அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவில் மனுப் போடும்போது நீதிபதி மேல்முறையீட்டு அதிகாரியாக உட்காருவதில்லை. 38 குறைந்ததா, ஒன்றுமே குறையவில்லையா என்பது அவர் முன்னால் உள்ள கேள்வி அல்ல. அந்த முடிவுக்கு அதிகாரி எப்படி வந்தார் என்பதைத்தான் பார்ப்பார்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்களா? விளக்கம் எழுத அவகாசம் இருந்ததா? விசாரணை அதிகாரியை நியமித்தார்களா, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டார்களா? விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து, அதன்மேல் உங்கள் தங்கையின் கருத்தைக் கேட்டார்களா? அறிக்கை நகலைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. ஆணையில் கையெழுத்துப் போட்டவருக்குப் பணிநீக்கம் செய்யும் அதிகாரம் உண்டா என்பதையும் பாருங்கள். மூன்று வாரத்தில் இத்தனையும் நடந்திருக்க வழியில்லை. உங்கள் மனுவின் பலம் அங்கேதான்.

வெந்த முட்டை விஷயத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. எங்கே வைப்பது என்பதுதான் வித்தியாசம். ‘முட்டை குறையவே இல்லை’ என்று எழுதினால், அது உண்மை பற்றிய தகராறு, இங்கே பார்க்க முடியாது என்பார்கள். ‘அடுப்பிலிருந்த முட்டைகளைப் பற்றி நான் எழுதிக்கொடுத்த விளக்கத்துக்கு ஆணையில் ஒரு வரிகூடப் பதில் இல்லை’ என்று எழுதினால், கணக்கில் எடுக்கவேண்டியதை எடுக்காமல் முடிவு செய்தார் என்ற சட்டக்குறை ஆகிவிடும். விளக்கம் எழுதிக்கொடுக்கவே வாய்ப்பில்லை என்றால் குறை இன்னும் பெரியது.

சட்ட மீறல், நடைமுறை மீறல், அறிவுள்ள எவரும் எடுக்க முடியாத முடிவு என்று இந்தக் காரணங்களை மூன்று தலைப்பில் அடுக்குவார்கள். 1984இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் டிப்ளாக் பிரபு வகுத்தது. 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொண்டது. பணி வழக்குகளில் கூடுதலாக ஒன்று உண்டு: தண்டனை மனசாட்சியை அதிரவைக்கும் அளவுக்குக் கடுமையா என்றும் பார்க்கலாம்.

கடைசிக் கேள்விக்கு வருவோம். ஆணை ரத்தாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ‘முறைப்படி விசாரித்துப் புதிய ஆணை போடலாம்’ என்று அதே துறைக்கே திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். இடைக்காலச் சம்பளம் தானாக வராது, மனுவில் தனியாகக் கேட்கவேண்டும். அந்த இரண்டாவது விசாரணைக்கும் அன்றைய வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, முட்டை வந்த ரசீது ஆகியவற்றின் நகல் தேவைப்படும். இப்போதே வாங்கி வையுங்கள்.

குளித்தலை வாசகர்: அப்பா பெயரில் இருந்த பட்டாவைப் பக்கத்து நிலக்காரர் பெயருக்கு வட்டாட்சியர் மாற்றிவிட்டார். எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை. ஆர்.டி.ஓ.விடம் அப்பீல் போடு என்கிறார் ஒருவர். நேராக ஹைகோர்ட்டுக்குப் போ என்கிறார் இன்னொருவர். எது சரி?

இருவர் சொல்வதிலும் பாதி சரி. 1983ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மேல்முறையீடு, 13ஆவது பிரிவின்படி மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. சட்டமே படிக்கட்டு வைத்திருக்கும்போது ‘ஏறி வா’ என்றுதான் ஹைகோர்ட் பொதுவாகச் சொல்லும். இது நீதிமன்றம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு, சட்டத் தடை அல்ல. 1998இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்கு விலக்குகளைச் சொன்னது: அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால், இயற்கை நீதி (உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்ற விதி) மீறப்பட்டிருந்தால், ஆணை போட்டவருக்கு அதிகாரமே இல்லாதிருந்தால், சட்டமே செல்லாது என்று கேட்டால் நேராக வரலாம்.

நோட்டீஸ் இல்லாமல் மாற்றியது இரண்டாவதில் விழும். அப்படியும் சில நீதிபதிகள், ‘நான்கு வாரத்தில் அப்பீல் போடு, தாமதத்தைக் காரணம் காட்டித் தள்ளக்கூடாது’ என்று கோட்டாட்சியரிடமே அனுப்பிவிடுவார்கள். என் கருத்து, நிலத்தில் யாரும் பொக்லைனோடு வந்து நிற்கவில்லை, கிரயப் பத்திரம் எதுவும் அவசரமாகப் பதிவாகவில்லை என்றால் கோட்டாட்சியரே மேல். செலவு குறைவு. வி.ஏ.ஓ. அறிக்கை, உட்பிரிவு வரைபடம் எல்லாம் அங்கே மேசைக்கு வரும். ரிட் மனுவில் அந்த அளவுக்கு உள்ளே போகமாட்டார்கள்.

இதில் மூன்றாவது வழியும் உண்டு, இருவரும் அதைச் சொல்லவில்லை. பக்கத்து நிலக்காரர் கையில் கிரயப் பத்திரமும் உங்கள் கையில் பாகப்பிரிவினைப் பத்திரமும் இருந்தால், அது பட்டாத் தகராறே அல்ல, உரிமைத் தகராறு. அதை வருவாய்த் துறை தீர்க்கக்கூடாது, சிவில் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்பவேண்டும் என்று 2011இல் விஷ்வாஸ் ஃபுட்வேர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தால் நிலம் உங்களுடையது என்று அறிவிக்கக் கேட்டு (உரிமை விளம்புகை) உரிமையியல் வழக்குப் போடுங்கள்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை வட்டாட்சியரின் ஆணையையும் கோப்பையும் கையில் வாங்குவது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுக் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். நோட்டீஸ் ‘சார்வு செய்யப்பட்டது’, அதாவது உரியவரிடம் கொடுக்கப்பட்டது என்று கோப்பில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். பல பட்டா வழக்குகள் அந்த ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கின்றன.

ரிட் என்று முடிவானால் கரூர் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. 2004 ஜூலையில் தொடங்கிய அந்தக் கிளையில் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, தேனி, திண்டுக்கல், கரூர், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய மாவட்டங்கள் அடங்கும். திருவாரூர், நாகப்பட்டினம்காரர்கள் தஞ்சாவூரைத் தாண்டி மதுரைக்கு ரயில் ஏறவேண்டாம், அவர்களுக்குச் சென்னை.

குன்றத்தூர் வாசகர்: வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். 3 நாளில் காலி செய்யாவிட்டால் இடிப்பார்களாம். வீட்டுவரி, கரண்ட் பில் எல்லாம் 20 வருடமாகக் கட்டுகிறோம்.

முதலில் அது எந்த நிலம் என்று தெரியவேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இடிப்பு நடவடிக்கைகளுக்கு நாடு முழுவதற்குமான நெறிமுறை வகுத்தது. முன்னறிவிப்பு இல்லாமல் இடிக்கக்கூடாது. உள்ளூர்ச் சட்டம் சொல்லும் காலம், நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து 15 நாள், இரண்டில் எது அதிகமோ அதுவரை பதில் தர நேரம் தரவேண்டும். நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பவும் வேண்டும், கட்டடத்தில் ஒட்டவும் வேண்டும். முன்தேதி போடாமலிருக்க மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிக்கவேண்டும். நேரில் கேட்டு, அதைப் பதிவு செய்து, இடிப்பதைத் தவிர வேறு வழி ஏன் இல்லை என்று காரணம் எழுதி இறுதி ஆணை போடவேண்டும். அதன்பிறகும் 15 நாள் கை வைக்கக்கூடாது.

ஆனால் தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் இந்த நெறிமுறை பொருந்தாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. பாதிப்பேர் இந்த வரியைப் படிப்பதில்லை. ஆகவே கிராம நிலங்களின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டின் நகலும் புல வரைபடமும் வாங்கி, உங்கள் சர்வே எண் நத்தமா, மேய்க்காலா, ஏரியா என்று பாருங்கள். ஏரி என்று இருந்தால் வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் அனுபவத்தைக் காட்டுமே தவிர உரிமையைக் காட்டாது.

அதற்காக ஆக்கிரமிப்பாளருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்றும் ஆகாது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7ஆவது பிரிவின்கீழ் காரணம் கேட்கும் நோட்டீஸ் கொடுத்து, பதிலைப் பரிசீலித்த பிறகே 6ஆவது பிரிவின்கீழ் வெளியேற்ற முடியும். அந்த ஆணைக்கு மேல்முறையீடும் உண்டு. உங்கள் சுவரில் ஒட்டியது 7ஆ, 6ஆ என்று தலைப்பில் பாருங்கள். 7 என்றால் அது வெறும் கேள்வி. அதை எதிர்த்து ரிட் போட்டால், அவசரப்பட்டு வந்திருக்கிறீர்கள், போய்ப் பதில் எழுதுங்கள் என்பார்கள். முன்னால் 7 இல்லாமல் நேராக 6 வந்திருந்தால் வழக்கு உங்கள் பக்கம் சாயும்.

இன்று மாலைக்குள் செய்யவேண்டியவை: சுவரில் ஒட்டிய நிலையிலேயே நோட்டீஸைப் படமெடுங்கள், கிழிக்காதீர்கள். தபால் உறை வந்தால் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். பதிலை எழுதி அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் முத்திரை வாங்குங்கள். அந்தப் பதிலில் ‘காலி செய்ய 6 மாதம் அவகாசம் தாருங்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் எழுதுவது அதைத்தான். நீதிமன்றத்தில் அந்த வரியை அரசு வழக்கறிஞர் படித்துக்காட்டினால், ஆக்கிரமிப்பை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். அளந்த வரைபடத்தின் நகலைக் கேளுங்கள், நேரில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இயந்திரம் வந்தே விட்டது என்றால் ‘லஞ்ச் மோஷன்’ என்று ஒன்று இருக்கிறது. காலையில் வழக்கறிஞர் நீதிபதியிடம் அவசரத்தைச் சொல்லி அனுமதி வாங்கி, அரசுத் தரப்புக்கு நகல் கொடுத்து, உணவு இடைவேளைக்குப் பிறகு மனுவை எடுக்கவைப்பது.

அருப்புக்கோட்டை வாசகர்: ஓய்வூதிய நிலுவை கேட்டு 2 வருடமாக மனுக் கொடுக்கிறேன். பதிலே இல்லை. மாண்டமஸ் போட்டால் உடனே தீரும் என்கிறார்களே?

உடனே ஓர் உத்தரவு வரும். தீருமா என்பது நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மாண்டமஸ் என்னும் செயலுறுத்தும் நீதிப்பேராணைக்கு மூன்று வேண்டும்: உங்களுக்குச் சட்டப்படி ஓர் உரிமை, அதைச் செய்யும் கடமை அந்த அதிகாரிக்கு, நீங்கள் கேட்டும் அவர் மறுத்தது அல்லது வாய் திறக்காதது. ஒப்புகை அட்டை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுக’ என்று கேட்டால் முதல் நாளிலேயே, ‘12 வாரத்துக்குள் தகுதியின் அடிப்படையில், சட்டப்படி பரிசீலிக்கவும்’ என்று முடித்துவிடுவார்கள். வெற்றி போலத் தெரியும். 11ஆவது வாரம் ‘பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது’ என்று இரண்டு வரி வரும். அதை எதிர்த்து இன்னொரு ரிட், இன்னொரு கட்டணம். விதிப்படி தொகை தெளிவாக இருந்தால், எந்த விதி, எந்த அரசாணை, எவ்வளவு தொகை என்று காட்டி, ‘வழங்க உத்தரவிடுக’ என்று நேரடியாகக் கேளுங்கள். ஏற்கெனவே நிராகரித்துக் கடிதம் வந்திருந்தால் அதை ரத்துசெய்து வழங்கச் சொல்லும் மனு வேண்டும். சென்னையில் அதை ‘செர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ்’ என்பார்கள். அந்தக் கடிதத்தை எதிர்க்காமல் வெறும் மாண்டமஸ் போட்டால் மனு நிற்காது.

சேலம் வாசகர்: ரிட் மனுவுக்குக் காலக்கெடு எத்தனை நாள்? 2 மாத முன்னறிவிப்பு கொடுக்கவேண்டுமாமே?

இரண்டு மாத முன்னறிவிப்பு அரசை எதிர்த்துப் போடும் உரிமையியல் வழக்குக்கு, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவு. ரிட்டுக்கு அது இல்லை.

காலக்கெடுவும் சட்டத்தில் இல்லை. அதனால் எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாமதத்துக்கு நாள் கணக்கில் விளக்கம் கேட்பார்கள். அதற்குள் வேறொருவருக்குப் பதவி உயர்வோ மனையோ போயிருந்தால் விளக்கமும் எடுபடாது. பழைய விஷயத்துக்குப் புதிதாக மனுக் கொடுத்து, அதற்கு வந்த பதிலிலிருந்து நாளை எண்ணத் தொடங்குவது பலர் கையாளும் தந்திரம். செத்துப்போன கோரிக்கைக்கு அது உயிர் தராது என்று 2008இல் சி. ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்று கவனியுங்கள். மேல்முறையீட்டுக்குச் சட்டம் கெடு வைத்திருந்து, அதைத் தவறவிட்டுவிட்டு ரிட்டுக்கு வந்தால் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். ஜி.எஸ்.டி. ஆணைக்கு 3 மாதம், காரணம் காட்டினால் மேலும் 1 மாதம். அதையும் தாண்டியவர்களுக்கு ரிட் மாற்று வழி ஆகாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 கிளாக்ஸோ தீர்ப்பின் சாரம். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஆணை ஏறியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறையாவது பாருங்கள். தபால்காரர் கொண்டுவந்து தரமாட்டார்.

வவுனியா வாசகர்: இலங்கையிலும் இதே முறையா?

உருவம் ஒன்று, நாள் கணக்கு வேறு. எழுத்தாணைகள் அரசியலமைப்பின் 140ஆவது உறுப்புரையின்கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில். அடிப்படை உரிமை மீறல் என்றால் 126ஆவது உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தில், அதாவது தமிழ்நாட்டில் உச்ச நீதிமன்றம் என்று சொல்வதற்கு நிகரான இடத்தில், 1 மாதத்துக்குள் போடவேண்டும். அந்த 1 மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆவது பிரிவு.

தஞ்சாவூர் வாசகர்: மனுவுக்கு என்னென்ன காகிதங்கள்? ‘ரிட்டர்ன் ஆகிவிட்டது, நம்பர் ஆகவில்லை’ என்று வக்கீல் அலுவலகத்தில் ஒரு மாதமாகச் சொல்கிறார்களே, என்ன அர்த்தம்?

மனு, அதைத் தாங்கும் அஃபிடவிட் (உறுதிமொழி வாக்குமூலம்), ஆவணங்களின் டைப்டு செட் (தட்டச்சுத் தொகுப்பு), வக்காலத்து, நீதிமன்றக் கட்டணம், இடைக்காலத் தடை வேண்டுமென்றால் அதற்குத் தனி மனு. இவை பதிவுத்துறையில் சரிபார்க்கப்பட்டு, குறை இருந்தால் திரும்பும். அதுதான் ரிட்டர்ன். குறையைத் தீர்த்து மறுபடி கொடுத்தால்தான் எண் விழும், எண் விழுந்தால்தான் நீதிபதி முன் பட்டியலில் வரும்.

திரும்புவதற்குப் பெரிய சட்டக் காரணம் எதுவும் வேண்டாம். அஃபிடவிட்டின் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கும். அடித்துத் திருத்திய இடத்தில் சான்று இருக்காது. ஜெராக்ஸ் மங்கியிருக்கும். ஆணையின் தேதி மனுவில் ஒன்றாகவும் வேண்டுதலில் வேறாகவும் இருக்கும். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்பதால், தமிழில் வந்த ஆணைக்கும் தமிழ் ஆவணங்களுக்கும் மொழிபெயர்ப்பு சேர்க்கவேண்டும். அது விட்டுப்போயிருக்கும். பட்டா ஆணையில் ‘நஞ்சை’, ‘தரிசு’ என்பதையெல்லாம் தப்பாக மொழிபெயர்த்துவிட்டால் பிறகு எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். ஒருமுறை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதிர்மனுதாரர்களை ஆள் பெயரில் போடாமல் பதவிப் பெயரில் போடவேண்டும். அதிகாரி மாறினாலும் வழக்கு மாறாது. உள்நோக்கம் என்று குற்றஞ்சாட்டினால் மட்டும் அவரைப் பெயர் சொல்லியும் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குற்றச்சாட்டை யாரும் கேட்கமாட்டார்கள். ஆணையால் லாபமடைந்தவரையும் சேர்க்கவேண்டும். பட்டா மாற்றத்தில் பக்கத்து நிலக்காரர், நியமனத்தில் வேலை பெற்றவர். ‘அவனுக்குத் தெரியாமல் ஸ்டே வாங்கிவிடலாம்’ என்று விட்டுவைத்தால், அந்த ஒரு காரணத்துக்கே மனு தள்ளுபடியாகலாம்.

மறைக்கக்கூடாததும் ஒன்று. இதே விஷயத்தில் முன்பு போட்ட மனு, நிலுவையிலுள்ள சிவில் வழக்கு, உங்களுக்கு எதிராக வந்த ஆணை, எல்லாவற்றையும் அஃபிடவிட்டில் சொல்லிவிடுங்கள். வக்கீலிடம் மறைப்பது அதைவிட மோசம்.

ஈரோடு வாசகர்: ஸ்டே வாங்கினால் எத்தனை நாள் நிற்கும்?

உத்தரவில் எழுதியிருக்கும்வரை. ‘4 வாரத்துக்கு’ என்று இருந்தால் நான்காவது வாரம் நீட்டிக்கவேண்டும். நீட்டிக்காமல் விட்டு, மறுநாள் அதிகாரி வந்தால் நீதிமன்ற அவமதிப்பு என்று கத்திப் பயனில்லை. 6 மாதத்தில் தடை தானாக விழும் என்ற 2018 தீர்ப்பை இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. எதிர்த்தரப்பைக் கேட்காமலும் ஆவணங்களை அவர்களுக்குத் தராமலும் வாங்கிய தடைக்கு வேறு ஆபத்து உண்டு. அதை நீக்கக் கோரி அவர்கள் மனுப் போட்டால் 2 வாரத்தில் முடிவு செய்யவேண்டும், இல்லாவிட்டால் தடை விழும் என்று 226ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவே சொல்கிறது.

கோவில்பட்டி வாசகர்: கூட்டுறவுச் சங்கத்தின் மேலும் தனியார் பள்ளியின் மேலும் ரிட் போடலாமா?

சங்கத்தின் மேல் பொதுவாக முடியாது. 2006இல் மாரப்பன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு எல்லையை வகுத்திருக்கிறது. கூட்டுறவுத் துறைப் பதிவாளர், துணைப்பதிவாளர் ஆகியோரின் ஆணை என்றால் தாராளமாகப் போடலாம். தனியார் பள்ளி சட்டப்படி செய்யவேண்டிய பொதுக்கடமையில் தவறினால் போடலாம். ஆயாவுக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள ஒப்பந்தத் தகராறு போன்றவை அதில் வராது.

வேலூர் வாசகர்: என் விண்ணப்பத்தை நிராகரித்த ஆணையில் ‘விதிகளின்படி இயலாது’ என்று ஒரே வரி. இப்போது அரசின் பதில் அஃபிடவிட்டில் 9 காரணம் எழுதியிருக்கிறார்கள். செல்லுமா?

செல்லாது. ஆணையில் இல்லாத காரணத்தை அஃபிடவிட்டில் சேர்த்து ஆணையைத் தூக்கி நிறுத்த முடியாது. 1977இல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், நாளாக நாளாகச் சுவை கூட அரசாணை பழைய ஒயின் அல்ல என்று எழுதினார். உங்கள் வழக்கறிஞர் பதிலுரையில் ஒரு பக்கம் ஆணையின் வரியையும் மறு பக்கம் அந்த 9 காரணங்களையும் வைத்துக் காட்டட்டும். அந்த 9க்கும் வரிவரியாகப் பதில் எழுதுவது தேவையென்றால் செய்யலாம், ஆனால் அதில் மூழ்கி முதல் வாதத்தைப் பின்னால் தள்ளிவிடவேண்டாம்.

ஓசூர் வாசகர்: குறைந்த விலை கேட்டும் டெண்டர் எனக்குக் கிடைக்கவில்லை.

10 நாள்தான் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி, ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு. அதைச் செய்யாமல் வந்தால் நீதிபதியின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். டெண்டரில் விலையை நீதிமன்றம் ஒப்பிடாது. அறிவிப்பிலிருந்த நிபந்தனையை ஒருவருக்காகத் தளர்த்தினார்களா, திறந்த பிறகு மதிப்பீட்டு முறையை மாற்றினார்களா என்று பாருங்கள். சாலை, பாலம் போன்ற பணிகளில் தடை கிடைப்பது மிக அரிது.

விழுப்புரம் வாசகி: வக்கீல் வைக்க வசதியில்லை.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர், தொழில்துறைத் தொழிலாளர் ஆகியோருக்கும் அப்படியே. உயர் நீதிமன்ற வழக்குக்கு உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள். தொலைபேசியில் 15100.

சிவகங்கை வாசகர்: ரிட்டில் ஜெயித்து 14 மாதம் ஆகிறது. 8 வாரத்தில் செய்யச் சொன்ன உத்தரவை இன்னும் நிறைவேற்றவில்லை. அவமதிப்பு வழக்குப் போடலாமா?

தேதியைக் கணக்குப் பாருங்கள். நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, அவமதிப்பு நடந்த நாளிலிருந்து 1 வருடத்துக்குள் நடவடிக்கை தொடங்கவேண்டும். ‘உத்தரவு நகல் கிடைத்ததிலிருந்து 8 வாரம்’ என்று இருந்தால், நீங்கள் நகலை அனுப்பி அவர் கையெழுத்திட்டு வாங்கிய நாளிலிருந்து 8 வாரம் முடியும் நாள்தான் தொடக்கம். 14 மாதத்துக்கு முன் தீர்ப்பு வந்து, நகலை 12 மாதத்துக்கு முன் கொடுத்திருந்தால் ஏறத்தாழ 2 மாதம் மிச்சம் இருக்கிறது. நகலை அனுப்பவே இல்லை என்றால் அவர் இன்னும் எதையும் மீறவில்லை. ஹைகோர்ட்டே அனுப்பிவிடும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

இதற்கிடையே அவர் புதிதாக ஓர் ஆணை போட்டு மறுபடி நிராகரித்திருந்தால், அது எவ்வளவு தப்பான ஆணையாக இருந்தாலும் பெரும்பாலும் அவமதிப்பு ஆகாது. புதிய ஆணைக்குப் புதிய ரிட். அந்த மனுவில் பழைய தீர்ப்பை முதல் ஆவணமாக வைத்து, நீதிபதி சொன்ன எந்த வரியை அதிகாரி கண்டுகொள்ளவில்லை என்று எடுத்துக்காட்டி, இந்தமுறை திருப்பி அனுப்பாமல் நேரடியாகவே வழங்கச் சொல்லிக் கேளுங்கள். அரசுத் தரப்பு அப்பீல் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தனி நீதிபதியின் தீர்ப்புக்கு இருவர் அமர்வில் ரிட் அப்பீல், 30 நாள் கெடு. அப்பீல் எண் இருந்தாலே தடை இருப்பதாக அலுவலகத்தில் சொல்வார்கள். தடை உத்தரவின் நகலைக் காட்டச் சொல்லுங்கள்.